விராலுடன் வளர்க்கத் தக்க மீன்கள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் மார்க்கத்தில், செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல், திருமாகறலீசுவரர் ஆலயத்தால் பெயர் பெற்ற ஸ்தலமாகும். இவ்வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பியது. அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற சாசனங்கள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியின் ஜலத்தைக் காப்பது போலவே, அதில் வளரும் மீனைக் காப்பதும் கிராமத்திற்கு வருமானமாகும். எனினும், எந்த மீனை எதனுடன் விடுவது என்று ஆராயாமல் குஞ்சுகளை விடும் குடியானவர், வலை வீசும் காலத்தில் செலவிட்ட பணத்தைக்கூடக் காணாமல் போவதுண்டு.

விராலின் சுபாவம்

விரால் உயிருடன் விலையாகும் மீன், நல்ல கிராக்கியுள்ளது. ஆனால் அது மாமிச பக்ஷணி. தன் வாய்க்கு அடங்கும் மீன், தவளை, இறால் முதலியவற்றை விழுங்கிவிடும். தன் இனத்துச் சிறு மீன்களையும் விடாது. குஞ்சு பொரித்த காலத்தில் தாய் தந்தை இரண்டும் காவலிருந்து, அருகில் வரும் பிற மீன்களைத் துரத்தும். ஆகவே விராலின் துணைக்கு ஏற்ற மீன் யாதென்று தீர்மானிப்பதில், இனத்தைக் காட்டிலும் உடலின் அளவே முக்கியம்.

துணை மீன்கள்

கட்லா மேல் நீரிலும், ரோகு நடு நீரிலும், மிர்கால் அடி நீரிலும் இரை தேடுவன. கட்லா வடக்கேயுள்ள நதிகளுக்கு உரியது. சென்னை மாகாண மீன் இலாகாவினரால் காவிரிக்குக் கொண்டுவரப்பட்டது. விரால் இல்லாத குளத்தில் இம்மூன்றையும் முறையே நான்கு, மூன்று, மூன்று பங்காக விடுவது வழக்கம். விராலும் வேண்டுமாயின், 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்த கெண்டைக் குஞ்சுகளை முதலில் விட்டு, அவை இன்னும் பெருத்த பின்னரே, அவற்றிலும் சிறிய விரால் குஞ்சுகளை விடவேண்டும். விரால் குஞ்சுகளும் ஒரே அளவினவாக இருத்தல் அவசியம். பெரியவற்றைப் பிரித்தெடுக்காவிடில் அவை சிறியவற்றைத் தின்றுவிடும்.

ஜிலேபிக் கெண்டை என்னும் திலேப்பியா 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு மூன்று மாதத்திலேயே இனம் பெருக்குவதால் குளம் முழுதும் சிறு மீன்களாக நிறைந்து, எதுவும் பெரிதாவதில்லை. ஏற்கெனவே இம்மீன் புகுந்துவிட்ட தனிக் குளத்தில் விரால் விடுவது இரட்டை லாபம். குஞ்சுகளை விரால் தின்று தான் பெருக்கும், எஞ்சிய திலேப்பியாவும் நன்கு வளரும். விராலுக்கு இரையாகும் என்று கருதி, திலேப்பியாவைப் புதிதாகக் கொண்டுவந்து விடுதல் கூடாது.

வாளை மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய கொடிய பக்ஷணி. அதை எந்தக் குளத்திலும் துணையாகக் கொள்ளலாகாது.

ஜலத்தின் நிலை

விரால் மேலே வந்து காற்றை சுவாசிக்கும் சக்தியுள்ளது, சேற்றிலும் பிழைக்கும். கெண்டை இனங்களுக்கு அச்சக்தி இல்லை. சித்திரை, வைகாசியில் நீர் குறையும்போது, விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாய் திறந்து தவிக்குமாயின், பிராணவாயு குறைந்ததென்று அறிந்து உடனே புது நீர் பாய்ச்ச வேண்டும். அல்லது அவற்றை முன்னதாகப் பிடித்து விற்றுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஏரிகளில் வளர்ச்சிக்குக் காலம் குறைவு. ஆதலால் பெரிய குஞ்சுகளே ஏற்றவை.

குளத்தைச் சித்தம் செய்தல்

குஞ்சு விடுமுன் பழைய விரால், வாளை முதலியவற்றை நீக்குதல் அவசியம். குளத்தை வற்றவிட்டு உலர்த்துவது உத்தமம். அது இயலாவிடில், ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். அதன் விஷம் ஏறக்குறைய மூன்று வாரத்தில் நீங்கிப் பின்னர் எருவாகும். ஆடுமாடு நீரருந்தும் ஏரியிலும், ஊரார் புழங்கும் குளத்திலும் இதைச் செய்யலாகாது.

கண்ணாடித் தொட்டியிலிருந்து வரும் ஆபத்து

பட்டணங்களில் ஆஸ்கார், பிளவர்ஹார்ன் முதலிய மூர்க்க மீன்களை அலங்காரத்திற்கு வளர்க்கின்றனர். அவை தொட்டிக்கு அடங்காமல் பெருத்ததும், சிலர் இரக்கத்தால் ஏரியிலும் கோயில் குளத்திலும் விட்டுவிடுகின்றனர். தொட்டியைச் சுத்தம் செய்வதென்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி கரையைக் குடைந்து பொந்து செய்து முட்டையிடும். அதன் முட்கள் வலையைக் கிழிக்கும். ஏரிக்கரை பலவீனப்பட்டால் நஷ்டம் மீனுடன் நில்லாது, பாசனத்தையே தாக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதும் 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசால் தடை செய்யப்பட்டது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஏரி மீன் குத்தகை விடும்போது, எந்த மீன் விடப்படுகிறது, எத்தனை, எவ்வளவு பெரியது என்று எழுதி வாங்குதல் நலம். அந்நிய மீன் வலையில் கண்டால் திரும்ப நீரில் விடாமல் மீன்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குத்தகைதாரர் ஓர் ஆண்டில் மாறலாம். ஏரியோ ஊருக்கு உரியது.