செயற்கைப் பல்வேரும் கணினி காட்டும் தகைவும்

இயற்கைப் பல்லின் வேரைச் சூழ்ந்த மெல்லிய இழைநார், மெல்லும் விசையைத் தணிக்கிறது. தாடையெலும்போடு நேரே ஒன்றிவிடும் டைட்டானியச் செயற்கை வேருக்கு அத்தணிப்பு இல்லை.

விசை எங்கே குவிகிறது என்பதை உயிருள்ள எலும்பினுள் அளத்தல் அரிது. ஆதலால், வேரையும் எலும்பையும் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எழும் உள்விசையாகிய தகைவைக் கணக்கிடுகின்றனர். 1976இல் இத்துறைக்கு வந்த இதனை வரம்புறு கூறு முறை என்கிறோம்.

டைட்டானியம் எலும்பின் கடினப் புறப்படலத்தைவிட ஏறத்தாழ 8 மடங்கு விறைப்பானது. எனவே, தகைவு வேரின் கழுத்தைச் சூழ்ந்த எலும்பில் மிகுகிறது. சாய்ந்து விழும் விசையில் மேலும் உயர்கிறது.

எனினும், எலும்பு எங்கும் ஒரே தன்மையது, வேரோடு முழுமையாக ஒட்டியது என்றே பல மாதிரிகள் கொள்கின்றன. ஆகவே, கணினி தரும் எண்ணை ஒரு நோயாளிக்குரிய தீர்ப்பாகக் கொள்ளாமல், வடிவமைப்புகளை ஒப்பிடும் அளவுகோலாகவே நாம் கொள்ளுதல் தகும்.