சுவர் இருந்தால்தான் சித்திரம்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் பள்ளி அட்டவணையில் ஏதேனும் ஒரு பாடத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை வந்தால், முதலில் பலியாவது உடற்கல்விதான். கணிதப் பயிற்சி முடியவில்லையா? உடற்கல்வி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். தேர்வு நெருங்கிவிட்டதா? திடலுக்குப் போக வேண்டாம். மழையா? வகுப்பிலேயே அமர்ந்து பயிற்சிநூலைச் செய்யலாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் முற்றாக நம்மை விட்டுப் போய்விடவில்லை.

சுங்கை புரோங்கையும் அதனைச் சுற்றியுள்ள கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டப்புறங்களையும் மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறேன். கடலோரத்தில் தென்னை, தஞ்சோங் காராங் முதல் செகிஞ்சான் வரை நெல்வயல், உட்புறத்தில் செம்பனை என்று விரியும் வட்டாரம் இது. இங்குள்ள நம் பிள்ளைகளுக்கு உடற்கல்வியும் நலக்கல்வியும் மிகவும் தேவை என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைக் காண்போம்.

தோட்டத்து உடலும் இன்றைய வாழ்வும்

நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் சென்றவர்கள். நாள்தோறும் பல மைல் நடந்தார்கள். பால் வாளியைச் சுமந்தார்கள். தட்டு நிறையச் சோறு உண்டாலும் உழைப்பு அதனைச் செலவழித்துவிட்டது. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர்களில் பலர் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில்தான் பயணம். ஆனால் தட்டில் உள்ள சோறு மட்டும் குறையவில்லை. அதனுடன் இனிப்புப் பானமும் சேர்ந்துகொண்டது.

இதன் விளைவைச் சுகாதார அமைச்சின் ஆய்வு காட்டுகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு! ஏறக்குறைய மூவரில் ஒருவர். தெற்காசிய வம்சாவளியினர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் உடல்வாகு உடையவர்கள் என்பதும் அறிவியல் கண்ட உண்மை. அதே ஆய்வில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 15 விழுக்காட்டினர் கூடுதல் எடையுடனும், மேலும் 14.8 விழுக்காட்டினர் உடற்பருமனுடனும் இருந்தனர்.

வேலை செய்யும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். ஓடும் பிள்ளையின் கால்தசைகூட ஒரு மருந்துதான். ஆகவேதான் 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. அப்படியானால் வாரத்துக்கு 420 நிமிடம். 2011இல் அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டமோ தொடக்கப்பள்ளியில் வாரத்துக்கு 60 நிமிடம் உடற்கல்விக்கும் 30 நிமிடம் நலக்கல்விக்கும் ஒதுக்கியது. தேவையில் ஏழில் ஒரு பங்குதான் அட்டவணையில் கிடைக்கிறது. அதையும் நாம் கணிதத்துக்குக் கொடுத்துவிடலாமா?

மூன்று நிமிடம் சொல்லும் செய்தி

2008ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் ‘செகாக்’ எனும் உடல்தகுதிச் சோதனை நடத்தப்பட்டு வருகிறது. நான்காம் ஆண்டு தொடங்கி மாணவர்கள் ஆண்டுக்கு இருமுறை இதனைச் செய்கிறார்கள். சீரான தாளத்துக்கு ஏற்ப மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குதல், தரையில் கையூன்றி எழுதல், படுத்தபடி உடலைப் பாதியளவு தூக்குதல், கால் நீட்டி அமர்ந்து முன்னோக்கி எட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். உயரமும் எடையும் அளக்கப்பட்டு உடல் எடைக் குறியீடும் கணக்கிடப்படும்.

ஏறி இறங்கியதும் நாடித்துடிப்பை எண்ணுகிறார்களே, ஏன்? வலுவான இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். ஆகவே குறைவாகத் துடித்தாலே போதும். துடிப்பு மிக அதிகமாக இருந்தால் அந்தப் பிள்ளையின் இதயத்துக்குப் பயிற்சி போதவில்லை என்று பொருள். அந்த எண் பதிவேட்டில் உறங்கினால் யாருக்கும் பயனில்லை. பெற்றோரிடம் எளிய தமிழில் விளக்கப்பட்டால், சர்க்கரை நோய் உள்ள குடும்பத்துக்கு அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கையாகும்.

திடல் இன்னும் பலவற்றைக் காட்டும். வரும் பந்தை அடிக்கடி தவறவிடும் பிள்ளைக்குக் கண்பார்வை மங்கியிருக்கலாம். அரைச்சுற்று ஓடியதும் இளைப்பவனுக்கு ஆஸ்துமாவோ இரத்தச்சோகையோ இருக்கலாம். ஓரமாக ஒதுங்கி நிற்பவளுக்கு வீட்டில் ஏதோ வருத்தம் இருக்கலாம். காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்தவனும் தெரிந்துவிடுவான். 1979 முதல் நடைபெற்று வரும் துணை உணவுத் திட்டம் இத்தகைய பிள்ளைகளுக்காகவே உள்ளது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் இவை எளிதில் புலப்படா. மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்பள்ளிகளைக் குறைபாடுடையவை என்றே பேசுகிறோம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து விளையாட வைக்கும் வாய்ப்பு அங்குதான் அதிகம்.

மனநலமும் பேருந்து நேரமும்

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை புதிய மொழிச் சூழலில் தனித்துப் போவதுண்டு. 2022ஆம் ஆண்டு இளையோர் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குட்பட்ட மலேசிய மாணவர்களில் நால்வருக்கு ஒருவர் மனச்சோர்வு நிலையில் இருந்தது தெரியவந்தது. வகுப்பில் வாய் திறக்கத் தயங்குபவனையும் கால்பந்துக் குழு ஏற்றுக்கொள்ளும். பந்தைக் கடத்துவதற்கு இலக்கணம் தேவையில்லை. நட்பு அங்கிருந்து தொடங்கும்.

‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை 2011 முதல் உள்ளது. ஆயினும் தோட்டப்புறத்தில் பேருந்தே அதனைத் தீர்மானிக்கிறது. பள்ளி முடிந்ததும் பேருந்து புறப்பட்டுவிடும்; அதில் ஏறாவிட்டால் வீடு திரும்ப வழியில்லை. ஆகவே மாலைப் பயிற்சிக்குப் பல பிள்ளைகள் தங்குவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது என்பதை இதனைப் படிக்கும் நீங்கள் நன்கறிவீர்கள். பேருந்தில் ஏறிவிடும் பிள்ளை உடல்நலத்தோடு அந்தப் புள்ளிகளையும் இழக்கிறது.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பாரும் உளர். டான் ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அவர் மருத்துவரும்கூட. ஓட்டம் அவர் படிப்பைக் கெடுத்ததா?

நாம் செய்யக்கூடியவை

நம் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் தோட்டப்பள்ளிகளுக்குச் சென்று தேர்வு வழிகாட்டிப் பட்டறைகள் நடத்துகிறார்கள். பாராட்டத்தக்க பணி. அந்த நாளில் ஒரு மணி நேரத்தைத் திடலுக்கு ஒதுக்குவோம். கபடியோ எறிபந்தோ, எல்லாரும் ஆடக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். பெற்றோருக்கு அரைமணி நேரம் ‘செகாக்’ அட்டையைப் படித்துக் காட்டுவோம். மருத்துவம் பயிலும் நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்வோம். அவ்வட்டாரத்தில் வாழும் முன்னாள் மாணவர்கள், வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளை வீட்டில் கொண்டு சேர்க்கும் வண்டிக்கு ஏற்பாடு செய்தாலே ஒரு விளையாட்டுக் குழு உருவாகிவிடும்.

நம் பிள்ளைகள் தேர்ச்சி பெற வேண்டும். பட்டம் பெற வேண்டும். அந்தப் பட்டத்தோடு நாற்பது வயதில் மருத்துவமனை வரிசையில் நிற்காமல் இருக்கவும் வேண்டும். அதற்கு இன்று அவர்களுக்குத் தேவை ஒரு திடல், ஒரு பந்து, யாரும் பறித்துக்கொள்ளாத ஒரு மணி நேரம்.