தூண் ஏன் வளைகிறது?

கரையோரக் கிராமமொன்றில் குடிநீர்த் தாங்கி கட்டுவதற்கான கூட்டம். நான்கு தூண்கள், 20 அடி உயரம், உச்சியில் 5,000 லீற்றர் தாங்கி. பொறியியலாளர் தந்த வரைபடத்தில் தூண்களை ஒன்றோடொன்று இணைத்து, இடையில் இரண்டு தட்டுகளாகப் பீம்கள் காட்டப்பட்டிருந்தன. கையிலிருந்த பணமோ குறைவு. சங்கத்தின் பொருளாளர் எழுந்தார். "சுவாமி, தண்ணி நிக்கிறது மேலே. இடையில போற இந்தப் பீம் என்னத்தைத் தாங்குது? அதை விட்டால் சீமெந்தும் மிச்சம், கம்பியும் மிச்சம்." பலர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான்.

மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவினேன். நீங்களும் செய்து பாருங்கள். நீளமான ஈர்க்கை மேசையில் நிறுத்தி நுனியை விரலால் அழுத்தினால் அது நசிவதில்லை. ஒரு பக்கமாக வளைந்து விடுகிறது. அதையே பாதியாக முறித்து அழுத்துங்கள். விரலில் குத்துமே தவிர இலகுவில் வளையாது. ஈர்க்கு அதேதான்; நீளம் மட்டுமே மாறியது.

இந்த வளைவுக்கு 1744இல் கணக்கு எழுதியவர், சுவிற்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஒயிலர். மெல்லிய தூண் ஒன்றின் நீளத்தைப் பாதியாக்கினால் அது வளையாமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகும். மூன்றிலொன்றாக்கினால் ஒன்பது மடங்காகும். சதுரத் தூணின் பக்கத்தை இரட்டித்தால் பதினாறு மடங்கு. இதில் வியப்பான விடயம், அந்தப் பொருள் நொருங்கும் வலிமை இக்கணக்கில் வருவதேயில்லை. விறைப்பும் வடிவமும் நீளமுமே வருகின்றன. ஆகவே மெல்லிய உயர்ந்த தூணுக்கு "சீமெந்து கூடப் போட்டிருக்கிறோம்" என்ற ஆறுதல் அதிகம் உதவாது. கட்டையான தூணின் கதை வேறு. அது வளைவதற்கு முன்னரே நொருங்கும். எமது வீட்டுத் தூண்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

நுனிகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம். கொடிமரம் போல அடி மட்டும் இறுகி, தலை சுயாதீனமாக நிற்கும் தூணை எடுப்போம். அதன் தலையை விறைப்பான பீம் ஒன்றுடன் திரும்ப முடியாதபடி பிணைத்தால், பக்கமாக அசைய இடமிருந்தாலும், அது தாங்கும் சுமை நான்கு மடங்காகிறது. பக்க அசைவையும் தடுத்துவிட்டால் பதினாறு மடங்கு.

பாடசாலை வாங்கு ஒன்றின் கால்கள் ஆடத் தொடங்கினால் என்ன செய்வோம்? குறுக்கே ஒரு சாய்வுக் கட்டை அடிப்போம், அல்லது மூலைகளை இறுக்குவோம். ஆடும் வாங்கில் பலகையும் பழுதில்லை, கால்களும் பழுதில்லை. மூலைதான் செங்கோணத்தை விட்டுவிட்டது. கொங்கிறீற் சட்டகத்தில் நாம் செய்வது இரண்டாவது வேலை. பீமும் தூணும் சந்திக்கும் மூலை செங்கோணமாகவே நின்றால், காற்று பக்கமாகத் தள்ளும்போது தூண் தனியே சாய முடியாது. பீமையும் வளைத்தாக வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், சுவர்கள் அள்ளுண்டு போன இடத்தில் தூண்களும் பீம்களும் மட்டும் கூடாக நின்ற கட்டடங்களைக் கரையோரத்தில் பலரும் கண்டிருப்பீர்கள்.

இனிப் பொருளாளரின் கேள்விக்கு வருவோம். 5,000 லீற்றர் தண்ணீர் ஐந்து தொன். காற்றில்லாத நாளில், நேராக நிற்கும் நான்கு 9 அங்குலத் தூண்களுக்கு அது பெரிய பாரமல்ல. ஆனால் 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளி தாங்கியின் தலையைச் சற்றே தள்ளினால், அந்த ஐந்து தொன்னும் அடிக்கு நேர் மேலே இல்லாமல் விலகி நின்று, தானும் சேர்ந்து தள்ளத் தொடங்கும். விலகல் கூடக் கூடத் தள்ளுதலும் கூடும். 20 அடித் தூணின் உயரம் அதன் பருமனைப் போல 26 மடங்குக்கும் மேல். இரண்டு இடைப் பீம்கள் வந்தவுடன் அது மூன்று துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு. இடைப் பீம் தண்ணீரைத் தாங்குவதில்லை. தூணைத்தான் தாங்குகிறது.

கூட்டம் பீம்களை விடுவதில்லை என்று முடிவெடுத்தது. அத்துடன் நான் நிம்மதியாகிவிட்டேன், அங்கேதான் தவறினேன்.

தூணுக்குள் நிற்கும் நெடுங்கம்பிகளும் மெல்லிய தூண்களே. அவையும் சுமையில் வளைந்து வெளியே பிதுங்கப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை, மேசன்மார் 'ரிங்' என்று சொல்லும் சதுர வளையங்கள். எமது நாட்டில் நீண்டகாலம் பின்பற்றப்பட்ட பிரித்தானிய நியமம் 8110இன்படி, வளையங்களின் இடைவெளி மிகச் சிறிய நெடுங்கம்பியின் விட்டத்தைப் போல 12 மடங்கை மிஞ்சக் கூடாது. 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 144 மில்லிமீற்றர். ஆறு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. சிறியதைக் கவனியாமல் விட்டதன் விலையைக் கனடா 1907 ஓகஸ்ற் 29இல் கண்டது. கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலத்தின் அமுக்கத்தைத் தாங்கும் கீழ் உறுப்புகள் வளைந்து, பாலம் ஆற்றில் விழுந்து, 75 தொழிலாளர் மாண்டனர். அந்தப் பெரும் உறுப்புகளின் விலா உருக்குகளைச் சேர்த்துக் கட்டியிருந்த சிறு பின்னல் சட்டங்கள் போதிய வலுவற்றவையாக இருந்தன. வளைவு சில நாள்களுக்கு முன்னரே அளக்கப்பட்டிருந்தும் வேலை நிறுத்தப்படவில்லை.

எங்கள் தாங்கியில், கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாள் மாலை தற்செயலாகப் பலகை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். வளையங்கள் ஓரடிக்கு ஒன்று. பீமும் தூணும் சேரும் இடத்தில் ஒன்றுமேயில்லை. முந்திய தவணைப் பணத்துக்குக் கையொப்பமிட்டவன் நானே. உயரத்தை அளந்தேன், வளையங்களை எண்ணவில்லை. "அந்தச் சந்தியில கம்பி நெருக்கம் சுவாமி, கொங்கிறீற் இறங்காது" என்றார் மேசன். அவர் சொன்ன இடர்ப்பாடு உண்மைதான். பொறியியலாளரிடம் கேட்டு, அவ்விடத்துக்கு மட்டும் சிறிய சல்லிக்கல் எடுப்பித்தோம்.

பலகைகளைக் கழற்றி, வளையங்களைக் கட்டி, மறுபடி அடிக்க மூன்று நாள் பிந்தியது. அந்த மூன்று நாளும் அளவுநாடாவுடன் தூணடியில் நின்று வளையங்களை எண்ணியவர் பொருளாளர்தான்.