உங்கள் உடம்பு தாங்கும் அளவுக்கு ஒரு வீட்டுத் தொழில்

ஊருக்குத் திரும்பி, கிணறு இறைத்து, காணி துப்புரவாக்கி, தற்காலிக வீட்டுக்குத் தகரமும் போட்ட பின்னர் பெரும்பாலான குடும்பங்களில் அடுத்து எழும் கேள்வி வருமானம் பற்றியது. உலர் உணவு நிவாரணம் என்றைக்கோ ஒருநாள் நின்றுவிடும். கூலி வேலைக்குப் போகக்கூடியவர்கள் போகிறார்கள். போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். காலை இழந்தவர்கள், உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பராமரிப்பவர்கள், சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தாய்மார் எனப் பலர் இதில் அடங்குவர். இந்தப் பகுதி அவர்களுக்காக எழுதப்பட்டது.

வீட்டுத் தொழில் இலகுவானது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஸ் ஏறத் தேவையில்லை, முதலாளி இல்லை, பிள்ளைகள் கண் முன்னே இருப்பார்கள். இவை உண்மைதான். ஆனால் வெளியே வேலைக்குப் போகிறவருக்கு வேலை முடியும் நேரம் என்று ஒன்று உண்டு, வீட்டில் அது இல்லை. தையல் மெஷினும் பிள்ளையின் புத்தகமும் ஒரே மேசையில் இருக்கும். இடியப்பத் தட்டும் இரவுச் சோற்றுப் பானையும் ஒரே அடுப்புக்குக் காத்திருக்கும். தொழில் தெரியாததால் வீட்டுத் தொழிலைக் கைவிட்டவர்களை நாங்கள் குறைவாகவே கண்டிருக்கிறோம். நல்ல உடம்புள்ள ஒருவரின் நாளைத் தன் நாளாக எண்ணிக் கணக்குப் போட்டு, மூன்றாம் நான்காம் மாதத்தில் விழுந்து படுத்தவர்களே கூடுதல்.

முதலில் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

எந்தத் தொழில் என்று முடிவெடுக்க முன்னர் ஒரு பழைய கொப்பியை எடுத்து, ஒரு கிழமைக்கு உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், தண்ணீர் அள்ள எவ்வளவு நேரம், சமையலுக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் நோவு தொடங்கியது, எப்போது படுக்க வேண்டி வந்தது என்பவற்றைக் குறியுங்கள். கிளினிக் நாளையும் எழுதுங்கள். தூர வைத்தியசாலைக்குப் போய்வந்தால் அந்த நாளோடு மறுநாள் பாதியும் போய்விடுவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

கிழமை முடிவில் பார்த்தால், ஒரு நாளில் உண்மையாகவே தொழிலுக்குக் கிடைக்கும் நேரம் மூன்று அல்லது நான்கு மணித்தியாலம் என்று வரலாம். அதுவும் ஒரேயடியாக அல்ல, துண்டு துண்டாகக் கிடைக்கும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. உங்கள் தொழிலின் அளவு அதுதான். அந்த அளவுக்குள் அடங்கும் தொழிலைத் தெரிவுசெய்தால் அது நீடிக்கும்.

வாழ்வாதார உதவி வழங்க உத்தியோகத்தர்கள் வந்து என்ன வேண்டும் என்று கேட்கும்போது, பக்கத்து வீட்டார் கேட்டதையே நாமும் கேட்பது வழக்கம். எங்களைப் போன்ற நிறுவனங்களிலும் பிழை உண்டு. ஊர் முழுவதற்கும் ஆடு, ஊர் முழுவதற்கும் கோழி என்று கொடுத்துவிடுகிறோம். ஆட்டுக்குப் பின்னால் நடக்க ஒருவர் வேண்டும், குழை வெட்ட ஒருவர் வேண்டும். ஊன்றுகோலில் நடப்பவருக்கு அந்த ஆடு உதவியா சுமையா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நீங்களே சொல்லுங்கள்: “எனக்கு நின்று செய்யும் வேலை சரிவராது, இருந்து செய்யும் வேலை வேண்டும்” என்று. அப்படிச் சொல்வதால் உதவிப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம்.

ஓர் உதாரணக் கணக்கு

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்திய ஒரு தாய், சந்திக் கடை ஒன்றுக்கு நாளாந்தம் 100 இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பார்க்கும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

கடைக்காரர் ஒன்றுக்கு 8 ரூபா கொடுத்தால் வரவு 800 ரூபா. மா, உப்பு, சம்பலுக்குத் தேங்காய் எல்லாம் 380 ரூபா. விறகு 60 ரூபா. பையும் கொண்டுபோகும் செலவும் 60 ரூபா. ஆகச் செலவு 500 ரூபா, கையில் நிற்பது 300 ரூபா. மாதம் 30 நாள், ஆகவே 9,000 ரூபா என்று மனம் உடனே பெருக்கிவிடும்.

இங்கேதான் பிழை நடக்கிறது. அந்தத் தாய்க்கு மாதத்தில் இரண்டு நாள் கிளினிக். செயற்கைக் கால் உரசித் தோல் புண்ணானால் மூன்று நாலு நாள் காலைப் போடவே முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஊரில் ஒரு செத்த வீடு வரும். உண்மையில் வேலை நடப்பது 22 நாள்தான். 22 நாளுக்கு வருவது 6,600 ரூபா. 9,000 ரூபாவை நம்பி, கிழமைக்கு 1,800 ரூபா கட்டும் கடனை எடுத்தால் நாலு கிழமைக்கு 7,200 ரூபா கட்ட வேண்டும். 22 நாள் மட்டும் வேலை நடக்கும் மாதத்தில் அது முடியாது. பிறகு அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டத் தோடு அடகுக்குப் போகும். கிழமைதோறும் கடன் அறவிட வருபவர் உங்கள் கால் நோவைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

ஆகவே கடன் எடுப்பதானால் உங்களுடைய மிக மோசமான மாதத்தை நினைத்துத் தவணையை முடிவுசெய்யுங்கள். சிறிய தொகையானால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ முதலில் விசாரியுங்கள். எந்தக் கடனானாலும் வட்டி எவ்வளவு, மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது எவ்வளவு, ஒரு தவணை தப்பினால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் கேட்டு, எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிணை நிற்பதும் கடன் எடுப்பது போன்றதே.

இன்னொரு செலவையும் கணக்கில் சேருங்கள். செயற்கைக் காலுக்குப் போடும் காலுறை, நோவு மருந்து, கிளினிக்குக்குப் போகும் பஸ் காசு என்பன உடம்பின் செலவு. மெஷினுக்கு எண்ணெய் விடுவது தொழிற்செலவு என்றால் இவையும் தொழிற்செலவுதான். நாளுக்கு 20 அல்லது 30 ரூபாவை ஒரு பேணியில் தனியே போட்டு வையுங்கள்.

வேலையை உடம்புக்கு ஏற்ப மாற்றுதல்

நிலத்தில் குந்தியிருந்து செய்யும் வேலைகளை மேசைக்குக் கொண்டுவந்தாலே பாதி நோவு குறையும். அடுப்பை இடுப்பளவு உயரத்துக்குக் கட்டுங்கள். களிமண்ணும் கல்லும் போதும். இடியப்ப உரலைப் பிழிவதற்குத் தோள் பலம் வேண்டும், அந்த வேலையைக் கதிரையில் இருந்து, முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே மேசை இருக்கும்படி செய்தால் முதுகு தப்பும். மா வறுப்பதை முதல்நாள் பின்னேரத்திலேயே முடித்துவிட்டால், விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை கொள்ளலாம்.

தையல் மெஷின் கேட்பவர்கள் கால் மிதியை ஒரு காலால் இயக்க முடியுமா என்று முதலில் இருந்து பாருங்கள். முடியாவிட்டால் கையால் சுற்றும் சக்கரம் பூட்டலாம், மின்சாரம் உள்ள இடத்தில் மோட்டார் பூட்டலாம். மோட்டாரின் மிதியை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தித் தைப்பவர்களும் இருக்கிறார்கள். பழகச் சில நாள் பிடிக்கும். தையலுக்குத் தீபாவளிக்கு முன்னும், தைப்பொங்கலை ஒட்டியும், ஜனவரியில் பாடசாலை தொடங்கும் காலத்திலும் எல்லா ஓடரும் ஒன்றாக வந்து குவியும். அப்போது இரவிரவாகத் தைத்துவிட்டு மாசியில் படுக்கையில் கிடப்பதில் பயனில்லை. கிழமைக்கு எத்தனை சட்டை என்று ஓர் எண்ணை முடிவுசெய்து, அதற்கு மேல் வருவதை “அடுத்த கிழமைதான்” என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் கொடுத்தால் சனம் காத்திருக்கும்.

செயற்கைக் கால் பாவிப்பவர்கள் ஒவ்வொரு இரவும் எஞ்சிய காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். பின்பக்கத்தைச் சிறு கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலைக் கழற்றிய பின்னரும் சிவப்பு மாறாமல் இருந்தால், அல்லது கொப்புளம் வந்தால், ஆறும்வரை போட வேண்டாம். அடுப்பு வெக்கையில் வியர்த்துக் காலுறை ஈரமாகிவிடும், ஆகவே மாற்றுக் காலுறை ஒன்றை எப்போதும் கிட்ட வையுங்கள். கால் தளர்ந்தாலோ இறுகினாலோ துணியைச் சுற்றிச் சமாளிக்காமல், அதைச் செய்து தந்த நிலையத்துக்கே கொண்டுபோய்த் திருத்துங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையம் இந்த வேலையை நீண்ட காலமாகச் செய்து வருகிறது.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு வேலையில் மூழ்குவதே பெரிய ஆபத்து. உணர்வு இல்லாத இடத்தில் அழுத்தப் புண் வருவது தெரியாது. ஒரு புண் பல மாதங்களைத் தின்றுவிடும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கியோ, ஒரு பக்கம் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். சூடான சட்டியை மடியில் வைக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது. சலம் போகும் கரைச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்கள் உண்டு. அது சிறுநீர்த் தொற்றில்தான் கொண்டுபோய் விடும்.

விறகும் பழைய இரும்பும்

சமையல் தொழிலுக்கு விறகு கூடுதலாகத் தேவை. அந்த விறகைப் பொறுக்கப் பிள்ளைகள்தான் பற்றைக் காட்டுக்குப் போகிறார்கள். சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்துக்கும், மிதிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத இடத்துக்கும் எவரும் போகக் கூடாது. விறகை விலைக்கு வாங்கினால் இலாபம் குறையுமே என்று தோன்றும். மேலே காட்டிய கணக்கில் 60 ரூபாவை விறகுக்குப் போட்டது இதனால்தான். பழைய இரும்பு சேர்த்து விற்பதை வீட்டுத் தொழிலாகச் செய்யவே வேண்டாம். வெடிக்காத பொருள் எதையாவது கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

வீடு வீடாகவும் இருக்க வேண்டும்

வீட்டில் தொழில் தொடங்கினால் படலை எந்த நேரமும் திறந்தபடி இருக்கும். தைக்கக் கொடுத்தவர் இரவு எட்டு மணிக்கு வந்து “ஒரு பொத்தான்தானே அக்கா” என்பார். தனியாக வாழும் பெண்களுக்கு இது தொந்தரவாகவும் பயமாகவும் இருக்கும். படலையில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டு, வேலை நேரம் என்ன என்று எழுதுங்கள். அந்த நேரத்துக்கு வெளியே வருபவரைப் படலையடியிலேயே பேசி அனுப்பலாம். முதலில் சிலர் முகம் சுழிப்பார்கள், பிறகு பழகிவிடும். வாடிக்கையாளர் வரும் இடம் விறாந்தையாகவோ முற்றத்துக் கொட்டிலாகவோ இருக்கட்டும். காயத்துக்கு மருந்து கட்டுவதும் கால் கழற்றி ஓய்வெடுப்பதும் அடுத்தவர் பார்வையில் படாமல் நடக்க வேண்டியவை.

பிள்ளைகள் உதவட்டும், ஆனால் அளவோடு. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிந்த பிள்ளை ஏழரை மணிக்குப் பாடசாலையில் நித்திரை கொள்ளும். பாடசாலை நாட்களில் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற சிறு வேலை போதும். வீட்டில் உள்ள ஆண்களும் தண்ணீர் அள்ளலாம், தேங்காய் துருவலாம், பிள்ளையைக் குளிக்க வார்க்கலாம். இதைச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படுகிற வீடுகளில் ஒருவரே இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

சில நாட்களில் உடம்பில் நோவு இல்லாமலே எழும்ப மனம் வராது. இழந்தவர்களின் நினைவு நாட்கள் நெருங்கும்போது அப்படி ஆகலாம். அது கிழமைக்கணக்கில் நீடித்தால், நித்திரை இல்லாமல் போனால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசுங்கள்.

எங்கே போய்க் கேட்பது

உடல் வலுக் குறைந்தவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு, சுயதொழில் உதவி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவை பற்றிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைக் கேளுங்கள். வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. ஆகவே நீங்கள் யாரிடமும் தயவு கேட்டுப் போகவில்லை. அடையாள அட்டை, கிராம அலுவலரின் சிபாரிசு, வைத்தியச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். தொழில் தொடங்குவதால் ஏற்கெனவே கிடைக்கும் கொடுப்பனவு பாதிக்கப்படுமா என்பதையும் அங்கேயே முன்கூட்டிக் கேளுங்கள்.

உணவுப் பொருள் செய்பவர்கள் தொடங்க முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திப்பது நல்லது. பொதியில் அடைத்து விற்கும் மிளகாய்த் தூள், மா போன்றவற்றுக்குப் பெயர், நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலை, செய்தவரின் முகவரி ஆகியன உள்ள லேபல் தேவை. தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் அதன் பதிவு பற்றியும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கடைக்காரரோடு பேசும் விதம் பற்றி ஒரு வார்த்தை. கிளினிக் திகதி கையில் கிடைத்த அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். “வாற செவ்வாயும் புதனும் இடியப்பம் வராது அண்ணை, வியாழன் வரும்” என்று நாலு நாள் முன்னரே தெரிந்தால் அவர் பாணுக்கோ ரொட்டிக்கோ ஏற்பாடு செய்வார். சொல்லாமல் நின்றால்தான் வேறு ஆளைப் பிடிப்பார். அந்த இரண்டு நாளுக்கும் உங்களுக்குப் பதிலாகச் செய்து கொடுக்க அயலில் இன்னொருவரைப் பேசி வைத்தால் இன்னும் நல்லது. அவருக்கு முடியாத நாளில் நீங்கள் செய்து கொடுக்கலாம்.