இல்லத்தில் எழுத்து விளையாட்டு

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துக்கள் 247 என்பர். இத்தொகையைக் கண்டு அஞ்சும் பெற்றோர் சிலர், ஏடு தொடக்கிய மறுநாளே பிள்ளையை மேசைமுன் இருத்தி, ஒரே சொல்லை இருபது முறை எழுதுவிக்கத் தலைப்படுகின்றனர். புலமைப்பரிசிற் பரீட்சை பற்றிய கவலையும் உடன்சேர, வீடு இரண்டாவது வகுப்பறையாகி விடுகின்றது. இதனால் எழுத்துப்பிழை குறைவதினும் புத்தகத்தின்மேல் வெறுப்பு வளர்வதே மிகுதி.

பிழை எங்கே பிறக்கின்றது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. 'குழி' எனினும் 'குளி' எனினும் பிள்ளையின் செவிக்கு இரண்டும் ஒன்றே. ஆதலின், சொல்வதெழுதலில் இவற்றை மயங்கி எழுதும் பிள்ளையை மந்தபுத்தியுடையது என்று கடிதல் நீதியன்று. செவி காட்டாத வேறுபாட்டைக் கை எங்ஙனம் அறியும்? இங்கே துணையாவன கண்ணும் பொருளுமே. ஓர் அட்டையில் வாழைமரமும் மற்றோர் அட்டையில் வாளைமீனும் வரைந்து, அவற்றின் பெயர்களை வேறு இரண்டு அட்டைகளில் எழுதுக. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு சோடி அட்டைகளைக் கலந்து கவிழ்த்து வைத்து, படத்துக்கு உரிய பெயரைத் தேடிச் சேர்ப்பதை ஓர் ஆட்டமாக்கலாம். விழி–விளி, தாழ்–தாள் முதலியன சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியன.

நகர னகர மயக்கமோ வேறு வகைத்து. அது சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தால் தீர்வது. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் நகரம் வரும். ஏனைய இடங்களில் பெரும்பாலும் னகரமே. தொகைச்சொற்களும் வடசொற்கள் சிலவுமே விலக்கு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் ஆறு இணைகளையும் துண்டு அட்டைகளில் தனித்தனி எழுதி, மெல்லெழுத்துக்கு அதன் தோழனைத் தேடச் செய்தால், சூத்திரம் மனனஞ் செய்யாமலே விதி கைவரும்.

பிழையாக எழுதிவைத்துத் திருத்தச் சொல்லும் ஆட்டத்தைச் சிலர் விரும்புவர். எழுத்து நிலைபெறாத சிறுவருக்கு அஃது ஆகாது. பிழையின் உருவமும் உடன்பதிந்து விடும்.

சொல்லை வைத்து விளையாடுதல் தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலிற் கூறும் சித்திரகவிகள் பல, புலவர்க்கு அருமையாயினும், அடிப்படையில் எழுத்து விளையாட்டுக்களே. மாத்திரைச் சுருக்கத்தைப் பிள்ளைக்கு இலக்கணமாகக் கூறவேண்டுவதில்லை. 'மாலை'யின் அரவை எடுத்தால் யாது வரும் என்று வினவினால் 'மலை' என்று தானே கண்டு மகிழும். பாடம் படமாகும், காலை கலையாகும். குற்றெழுத்து நெட்டெழுத்து வேறுபாடு இதனால் விளங்குவதுபோல் வேறெதனாலும் விளங்காது. எழுத்தை நீக்கும் அக்கரச் சுதகமும் இவ்வாறே நொடியாகிவிடும்: முழுவதும் ஒரு விலங்கு, தலையைக் கொய்தால் கடலில் எழும். 'குதிரை', 'திரை' என விடை கண்ட பிள்ளை அடுத்த நொடியைத் தானே கட்ட முயலும். மாலைமாற்றுக்கு 'விகடகவி', 'கைரேகை' என்பன போதும். 'கைரேகை'யைத் திருப்பி எழுதும்போது கொம்புகள் தத்தம் எழுத்தை விட்டுப் பிரியா என்பதைப் பிள்ளை காண்கின்றது. கொம்பு எழுத்துக்கு முன் நின்று, ஒலியில் பின் வருவது தொடக்கத்திற் பலரை இடறச் செய்வதாகும்.

வாசிப்புக்கு அடுக்களையே நல்ல இடம். பேணிகளில் சீனி, பருப்பு, மல்லி எனப் பெயர் ஒட்டிவைத்து, வேண்டியதை வாசித்து எடுத்துத் தரச் செய்யலாம். கடைக்குரிய பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும்.

பாட்டனாரின் பழைய நூல்களும் பயன்படும். தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை என்பனவும் ணா, றா, னா என்பனவும் வேறு வடிவின. அவற்றை மறைபொருள்போல் தேடி வாசிக்கும் பிள்ளைக்குப் பாட்டனாரே அகராதி.