தேயிலை மலையில் ஓடினால் பதக்கம் வருமா?

“கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் தானாகவே வரும். கென்யாக்காரர்களைப் போல அவர்களும் மலைக்காற்றில் வளர்கிறவர்கள்.” குறுக்கோட்டப் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் என் காதில் விழும் பேச்சு இது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் பயில்கிறேன். இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதியையும் நம்பிக்கொண்டு கீழே போட்டிக்கு இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

உயரமான இடத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு. அதை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. 1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக், சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோ நகரில் நடந்தபோது உலகமே இதைக் கவனித்தது. 1997-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து நான்கு வாரம் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள் 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாக 13 வினாடி முன்னேறினார்கள்.

ஆனால், இந்த மாற்றம் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் தேவை. கென்யாவின் இட்டென் நகரம் சுமார் 2,400 மீட்டர். இந்திய ஓட்டக்காரர்கள் முகாமிடும் ஊட்டி 2,240 மீட்டர். நம் தானா ராத்தாவோ 1,440 மீட்டர்தான். பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டரைத் தொட்டாலும் அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

அப்படியென்றால் நம் மலை நமக்கு எதைத் தருகிறது? குளிர்ச்சியையும் மேட்டையும். குளிரில் உடல் சீக்கிரம் சூடேறாது. அதனால் கூடுதல் நேரம் ஓடலாம். மேட்டில் ஓடினால் கால்கள் வலுப்பெறும். இவ்விரண்டையும் பயன்படுத்த, ஏற்கனவே ஓடிப் பழகிய படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு ஒரு வாரத் திட்டம்:

• மூன்று நாள்: 30 முதல் 40 நிமிட மெதுவோட்டம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

• ஒரு நாள்: மேட்டோட்டம். 45 வினாடி மேலே ஓடி, நடந்தே இறங்குங்கள். ஆறு முறையில் தொடங்கி மெல்லப் பத்துக்கு உயர்த்துங்கள்.

• ஒரு நாள்: 20 நிமிடம் சீரான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராத வேகம் அது.

• ஒரு நாள்: ஒரு மணி நேர நீண்ட ஓட்டம்.

• ஒரு நாள்: முழு ஓய்வு.

மேட்டை விட இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். இறங்கும்போது தொடைத்தசைகள் இழுபட்டபடியே உடலின் எடையைத் தடுக்கின்றன. மறுநாள் வரும் வலிக்கு அதுவே காரணம். வாரம் ஒருமுறை குறுகிய இறக்கத்தில் மட்டும் வேகமாக ஓடிப் பழகுங்கள். அதையும் போட்டிக்கு முந்திய வாரம் நிறுத்திவிடுங்கள். பனிமூட்ட நேரத்தில் லாரி ஓடும் பெரிய சாலை வேண்டாம். அனுமதி பெற்றுத் தோட்டத்து உட்சாலையில் ஓடுங்கள்.

பயிற்சி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் 20 பாகை குளிரில் பழகிவிட்டு, 32 பாகை வெயிலில் ஓடப் போகிறார்கள். அங்கே அவர்கள் பின்தங்கினால் “மனவலிமை இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாள்களில்தான் வியர்வை முன்கூட்டியே சுரக்கவும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடவும் தொடங்குகின்றன. மாநிலப் போட்டிக்கு முந்தின இரவு பேருந்தில் போய் இறங்கினால் அதற்கு அவகாசம் ஏது? சில நாள் முன்னதாகவே அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால், முந்திய இரண்டு வாரமும் நண்பகல் வெயிலில், உங்கள் கண்காணிப்பில், மெதுவோட்டம் ஓட வையுங்கள். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். போட்டியன்று முதல் கிலோமீட்டரை அடக்கி ஓடச் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, மலையில் பிறந்தது நமக்குக் கிடைத்த ஒரு வசதி. ஆனால், கீழே வெயிலில் ஓடும் மாணவர்களும் தினமும் பயிற்சி செய்கிறார்கள். வசதியோடு திட்டமும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியும். நாளைக் காலை மெதுவோட்டத்தில் தொடங்குங்கள்.