விறைப்பு என்னுஞ் சொல்

நரம்பியல் வைத்தியம் பயிலப் புகும் இளையோருக்குத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் சொல்லத்தக்கது யாதுளது என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. முழங்காலைச் சுத்தியலாலே தட்டிப் பார்க்கும் வித்தை எங்கள் பாலபண்டித வகுப்பில் இல்லை. ஆயின், பாடசாலையில் என்னிடம் தமிழ் பயின்று, இப்போது நரம்பியல் விடுதியொன்றிற் பணிபுரியும் மாணவர் ஒருவர், "ஐயா, விறைப்பு என்பதற்குச் சரியான பொருள் என்ன?" என்று கேட்டெழுதினார். விடை எழுதத் தொடங்கியபோதுதான், நோயறிதலிற் சொல்லாராய்ச்சி எவ்வளவு கலந்திருக்கிறதென்பது எனக்கு விளங்கிற்று. அவ்விடையையே சற்று விரித்து இங்கே தருகிறேன்.

யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர், "தம்பி, கால் விறைக்குது" என்கிறார். கலைச்சொற் பட்டியலை மனனஞ் செய்த வைத்தியர் என்ன செய்வார்? தசை இறுகி மடக்க நீட்ட இயலாத நிலை என்று குறித்துவிடுவார். முதியவர் சொல்ல வந்ததோ உணர்ச்சியின்மை. தமிழகத்தார் மரத்துப்போதல் என்பதை நாம் விறைத்தல் என்கிறோம். மார்கழிக் குளிரிலே விரல் விறைக்கும்போது உணர்வுங் குன்றும், மடக்குதலும் அரிதாகும். ஒரு சொல் இருபொருள் தாங்கியது அவ்வழியே என்று கருதுகிறேன். மொழிக்கு இது குற்றமன்று. வைத்தியருக்கோ இவை வெவ்வேறு வழிகள். உணர்ச்சி குன்றுதல், தோலிலிருந்து மூளைக்குச் செல்லும் பாதையின் பழுது. தசை இறுகுதல், மூளையிலிருந்து வரும் ஏவற் பாதையின் பழுது. அல்லது பார்க்கின்சன் நோயிற் போல மூளையின் ஆழத்தே நேர்ந்த பழுது. போதாக்குறைக்கு, பாரிசவாதத்தால் வலுவிழந்தவரும், "கை விறைச்சுப் போச்சு" என்றே முறையிடுவார்.

ஆதலின், அச்சொல்லை மொழிபெயர்க்காது, அவர் கூறியவாறே குறிப்பேட்டில் எழுதுக. பின்னர் வினவுக. நடக்கும்போது செருப்புக் கழன்றால் தெரிகிறதா? குளிக்கும்போது நீரின் சூடு, குளிர்மை தெரிகிறதா? சட்டைப் பொத்தானைப் பூட்ட முடிகிறதா? படியேறும்போது கால் இடறுகிறதா? சுத்தியலைக் கையில் எடுக்குமுன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நோயாளர் வாய்மொழியை இவ்வாறு போற்றுதல் புதிய கொள்கையன்று. இலண்டன் மாநகரிலே குயின் சதுக்கத்து நரம்பு வைத்தியசாலையிற் பணிபுரிந்த வில்லியம் கவர்ஸ் (1845–1915) அத்துறையிற் பெருநூல் இயற்றியவர். அவர் சுருக்கெழுத்திலே தீராத காதல் கொண்டவர். வைத்தியருக்கென்றே சுருக்கெழுத்துச் சங்கமொன்றை 1894 இல் நிறுவினார். நம் நாட்டிலும், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மேலைவைத்தியங் கற்பித்தார், நூல்களும் தமிழாக்குவித்தார். இன்று வைத்தியக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. நோயாளர் ஆங்கிலத்தில் நோவதில்லை என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறேன்.

தலைச்சுற்று என்பது இன்னொரு பொல்லாத சொல். உலகஞ் சுழல்வதும், கண் இருண்டு மயங்க வருவதும், கால் தள்ளாடுவதும் யாவும் அதனுள் அடங்கும். "எந்த மாதிரிச் சுற்று?" என்று துருவிக் கேட்பதே முன்னாள் மரபு. ஆனால் 2007 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, சில நிமிடங்கழித்து மீண்டும் வினவியபோது நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு விடை கூறியதைக் காட்டிற்று. ஆகவே எப்போது தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நின்றது, எதனால் தூண்டப்பட்டது என்பவற்றைக் கேட்பதே நன்று. படுக்கையிற் புரளும்போது சில நொடி சுழல்வது ஒன்று. எழுந்து நின்றவுடன் வருவது வேறு. திடீரெனத் தொடங்கி நீங்காது நின்று, நாக்குழறலும் பொருள் இரண்டாகத் தோன்றலும் சேருமாயின் பாரிசவாதம் என்று ஐயுறுக.

யான் மிகவும் அஞ்சுவது வேறொன்றனை. 1861 இல் பாரிஸ் நகரில் போல் புறோக்கா பரிசோதித்த நோயாளர் "தான்" என்னும் ஓரசையன்றி வேறொன்றுஞ் சொல்லமாட்டாதவர். (நம்மவர் செவியில் அது தமிழாகவே விழும்.) அத்தகையவரிடம் பேச்சுப் பழுதுண்டென்பதை எவரும் அறிவர். 1874 இல் வேர்ணிக்கே விளக்கிய வகை அத்தகையதன்று. அங்கே பேச்சுத் தடையின்றி ஓடும், ஏற்ற இறக்கம் உண்டு, பொருள்தான் இல்லை. தமிழறியாத வைத்தியர் செவிக்கு அது நல்ல தமிழாகவே ஒலிக்கும். சிங்களமறியாத தமிழ் வைத்தியருக்கும் இதே இடர் உண்டு. அருகில் நிற்கும் மகனோ மருமகளோ, "அப்பா தண்ணி கேக்கிறார்" என்று அன்பினாலே பொருள் கற்பித்து மொழிபெயர்த்துவிடுவார்! குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துள் ஏற்றவேண்டும். அதில் எத்தனை நிமிடம் இந்த அன்பினாற் கழியுமோ! எனவே இடைநின்று மொழிபெயர்ப்பவரிடம், "அவர் சொன்னதைத் திருத்தாமல், சொல்லுக்குச் சொல் கூறுங்கள், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள்" என்று முதலிலேயே கேட்டுக்கொள்க.

நினைவாற்றலை அளக்க 1975 இல் அமெரிக்கர் வகுத்த வினாத்தொகுதி உலகெங்கும் பரவியது. அதில் திருப்பிச் சொல்லவேண்டிய தொடரொன்று, பெரிதும் 'எனின்', 'உம்', 'ஆனால்' போன்ற இடைச்சொற்களாலேயே ஆனது. நம்மொழியிலே இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்து நடப்பது, தனித்து நிற்காது. அத்தொடரை அப்படியே தமிழாக்கினால் நல்லறிவு படைத்தவரும் விழிப்பர். மற்றொரு சோதனை, குறித்த எழுத்திலே தொடங்குஞ் சொற்களை ஒரு நிமிடத்திற் கூறுவது. ககரம் என்றால் கண், கல் மட்டுமா? காலும் கிளியும் சேருமா? இதனை முன்னரே வரையறுக்காது மதிப்பெண் இடுதல் முறையன்று. பள்ளி செல்லாத ஆச்சிக்கு இச்சோதனையே பொருந்தாது. சந்தையில் வாங்கும் மரக்கறிகளின் பெயரைக் கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் தமிழ் பயின்றவருக்குப் பெரும் வாய்ப்புண்டு. நாக்குழறலைச் சோதிக்க "ப, த, க" என்று விரைந்து சொல்விப்பர். தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவருக்கு இது பழைய பாடம். பகரம் இதழியைய, தகரம் நாநுனி பல்லினடியைப் பொருந்த, ககரம் அடிநா அண்ணத்தை உறப் பிறக்கும். பகரம் சிதைந்தால் ஏழாம் மூளை நரம்பையும், தகரம் சிதைந்தால் நாவை இயக்கும் பன்னிரண்டாம் நரம்பையும், ககரம் சிதைந்தால் அடிநாவையும் அண்ணத்தையும் நோக்குக. அண்ணந் தளர்ந்தால் வல்லினமும் மூக்கின்வழி ஒலிக்கும். ஆனால் ழகரத்தை ளகரமாக ஒலிப்பதை நோயென்று குறித்துவிடவேண்டாம். அவ்வாறாயின் எங்கள் ஊரில் அரைவாசிப்பேரை விடுதியிற் சேர்க்க நேரும்.

மாணவருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு சொல்லையும் சேர்த்தேன். "ஏலாது" என்பது அது. "அம்மாவுக்கு ஏலாது" என்றால் சுகவீனம்; "கை ஏலாது" என்றால் வலுவின்மை; "நடக்க ஏலாது" என்பது வலுக்குறைவாகவும் இருக்கலாம், தள்ளாட்டமாகவும் இருக்கலாம், நோவாகவும் இருக்கலாம், விழுந்துவிடுவேன் என்னும் அச்சமாகவும் இருக்கலாம். நான்கையும் தனித்தனியே கேட்கும்படி எழுதியிருக்கிறேன்.